ஃபிலிம்ல இயற்கை வெளிச்சம்: எவ்வளவு இருக்குங்கறத விட எவ்வளவு வித்தியாசம் இருக்குங்கறதுதான் மேட்டர்

ஃபிலிம் கேமரா கையில எடுத்த புதுசுல எல்லாரும் கேக்கற கேள்வி "இந்த லைட் போதுமா"ங்கறதுதான். கேள்வி தப்பில்ல, ஆனா அது பாதிக் கேள்வி. போதுமா இல்லையானு வெளிச்சத்த அளக்கற லைட் மீட்டரே சொல்லிடும், ஷட்டர் வேகத்தக் கொஞ்சம் குறைச்சு லென்ஸோட துவாரமான அப்பர்ச்சரக் கொஞ்சம் தொறந்தா நிறைய இடத்துல சமாளிச்சிடலாம். மீட்டர் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஃப்ரேமுக்குள்ள ரொம்பப் பளிச்சுனு இருக்கற இடத்துக்கும் ரொம்ப இருட்டா இருக்கற இடத்துக்கும் நடுவுல எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்ல பாதி) வித்தியாசம், அந்த வித்தியாசத்த உள்ள போட்டிருக்கற ரோல் தாங்குமா? நல்ல லைட்டத் தேடிப் போறேன்னு ஃபிலிம்காரங்க சொல்றது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தத் தேடிப் போறதுதான், அழகெல்லாம் அதுக்கு அப்புறம்.

டிஜிட்டல்ல இது இவ்வளவு பெரிய பிரச்சினையா தெரியாது, ஏன்னா ஒவ்வொரு படத்துக்கும் ஐஎஸ்ஓ மாத்தலாம், ஒயிட் பேலன்ஸ் மாத்தலாம், எடுத்த உடனே ஸ்கிரீன்ல பாத்துட்டு இன்னொண்ணு எடுக்கலாம். ஃபிலிம்ல ரோலப் போட்ட நிமிஷமே ரெண்டு முடிவு பூட்டியாச்சு, ஒண்ணு வேகம், அதாவது ஐஎஸ்ஓ, இன்னொண்ணு கலர். சாதாரண கலர் ஃபிலிம் எல்லாமே டேலைட் பேலன்ஸ், அதாவது சுமார் 5500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்த அளக்கற எண், ஏற ஏற நீலம்) வெளிச்சத்துல வெள்ளை வெள்ளையா தெரியற மாதிரி செஞ்சது, டங்ஸ்டன் ஃபிலிம்னா 3200 கெல்வின். 36 ஃப்ரேமும் அதுக்குள்ளதான். மிச்சம் இருக்கறது உங்க கண்ணு மட்டும், அந்தக் கண்ணோ இந்த விஷயத்துல நம்பவே முடியாத ஆளு. நடு மத்தியானம் வெட்டவெளியில சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும், அங்கிருந்து உள்ள வந்து ஜன்னல விட்டுத் தள்ளி உக்காந்தா சில நூறு லக்ஸ்தான், ஏழெட்டு ஸ்டாப் கம்மி, ஆனா கண்ணுக்குத் தோணறது "கொஞ்சம் மங்கலா இருக்கு" அவ்வளவுதான். கண் பாப்பா விரியும், மூளை மீதிய அட்ஜஸ்ட் பண்ணிக்கும், ஃபிலிமுக்கு அந்த வசதி கிடையாது.

சரி, ஃபிலிம் எவ்வளவு தாங்கும்? இங்கதான் நெகட்டிவும் (வெளிச்சம் தலைகீழா பதியற ஃபிலிம்) ஸ்லைடும் (நேரா படமாவே வர்ற ஃபிலிம்) நேர் எதிரா நடந்துக்கும், காரணம் தெரிஞ்சா விதி தானா மனசுல நிக்கும். நெகட்டிவ்ல வெளிச்சம் படற இடம்தான் அடர்த்தியாகும், வெளிச்சமே படாத நிழல் வெறும் தெளிவான பேஸா நின்னுடும், அங்க எதுவுமே பதியல, பின்னாடி ஸ்கேன்ல தூக்கினாலும் சேறு மாதிரி கிரெயின், அதாவது புள்ளி புள்ளியான சொரசொரப்புதான் வரும். ஹைலைட், அதாவது பளிச்சுனு இருக்கற பக்கம் அடர்த்தி ஏறிக்கிட்டே போகும், ஏறினாலும் தகவல் உள்ள இருக்கு, எடுத்துக்கலாம். போர்ட்ரா 400 மாதிரி கலர் நெகட்டிவ் ரெண்டு மூணு ஸ்டாப் ஓவர் ஆனாலும் அசராது, அதே ரோல் ரெண்டு ஸ்டாப் அண்டர் ஆச்சுன்னா முகம் தெரியும் ஆனா உயிர் இருக்காது. ஸ்லைடு இதுக்குத் தலைகீழ், வெளிச்சம் அதிகமாப் பட்ட இடம் வெறும் கண்ணாடி மாதிரி ஆயிடும், போச்சுன்னா போச்சு. வெல்வியா 50 மாதிரி ஒரு ஸ்லைடு ஃபிலிம் மொத்தமாவே அஞ்சு ஸ்டாப் பக்கம்தான் தாங்கும், அதுல உச்சி வெயில் காட்சியத் திணிக்கறது சின்ன டம்ளர்ல ஒரு செம்புத் தண்ணிய ஊத்தற கதை. அதனாலதான் நெகட்டிவ்னா நிழலப் பாத்து எக்ஸ்போஸ் பண்ணு, ஸ்லைடுன்னா ஹைலைட்டப் பாத்து பண்ணுன்னு சொல்றாங்க.

"நிழலுக்கு மீட்டர் பண்ணு"ங்கற அறிவுரைய எல்லாரும் பாதிதான் சொல்றாங்கனு எனக்கு ஒரு குறை உண்டு. மீட்டருக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு விஷயம், எதக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல்னு நெனச்சுக்கும். கறுப்புச் சட்டையக் காட்டினா அத சாம்பலாக்கற எண்ணக் குடுக்கும், வெள்ளைச் சுவரக் காட்டினா அதையும் சாம்பலாக்கும். அப்போ நிழல அளந்து அந்த எண்ணிலேயே எடுத்தா நிழல் நிழலா இருக்காது, நடுச் சாம்பலாயிடும். அமெரிக்க ஃபோட்டோகிராஃபர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்குல உருவாக்கின ஸோன் சிஸ்டம்ங்கற எக்ஸ்போஷர் முறையில, விவரம் தெரியணும்னு நெனைக்கற இருண்ட நிழல அளந்துட்டு அங்கிருந்து ரெண்டு ஸ்டாப் குறைச்சு எடுப்பாங்க. கலர் நெகட்டிவ்ல குறைக்காம எடுத்தாலும் ரெண்டு ஸ்டாப் ஓவர்தானே, தாங்கிக்கும், அதனாலதான் அந்தப் பாதி அறிவுரை இவ்வளவு நாளா ஓடிட்டிருக்கு. கறுப்பு வெள்ளைல அப்படியே செஞ்சா நெகட்டிவ் தேவையில்லாம தடிச்சு கிரெயின் கூடிப் போகும். ஸ்லைடுல செஞ்சா ரோலே காலி.

ஜன்னலுக்கு முன்னாடி ஆள நிக்க வெச்சு மொத்த ஃப்ரேமையும் அளந்தா ஆள் கறுப்பு உருவமாத்தான் வருவார், ஏன்னா ஜன்னல்தான் மீட்டர இழுத்துக்கிச்சு. கிட்டப் போய் முகத்த மட்டும் அளங்க, இல்லன்னா அதே வெளிச்சத்துல உங்க உள்ளங்கையப் பிடிச்சு அளந்துட்டு ஒரு ஸ்டாப் கூட்டுங்க, உள்ளங்கை பெரும்பாலும் நடுச் சாம்பலவிட ஒரு ஸ்டாப் பக்கம் பளிச்சுனு இருக்கும். இன்சிடென்ட் மீட்டர் இருந்தா இந்தத் தலைவலியே இல்ல, அது பொருள்ல பட்டுத் திரும்பற வெளிச்சத்த அளக்காம மேல வந்து விழற வெளிச்சத்த அளக்குது, சட்டை கறுப்பா வெள்ளையானு அதுக்குக் கவலையே கிடையாது.

மீட்டரே இல்லாமலும் ஓட்டலாம். பழைய சன்னி 16 விதி, நல்ல வெயில்ல அப்பர்ச்சர எஃப்/16ல (எண் பெருசானா துவாரம் சின்னது) வெச்சு ஷட்டர் வேகத்த ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்துல வெச்சுக்கறது, ஐஎஸ்ஓ 400னா 1/500. இதுல எனக்குப் பிடிச்சது எண் இல்ல, அது நிழலப் படிக்கக் கத்துக்குடுக்கறதுதான். தரையில நிழலோட ஓரம் கத்தி மாதிரி இருந்தா எஃப்/16, ஓரம் மெதுவா கரைஞ்சா எஃப்/11, நிழல் இருக்கா இல்லையானு உத்துப் பாக்கணும்னா எஃப்/8, நிழலே இல்லாத மூட்டம்னா எஃப்/5.6, வெயில் அடிக்கற நாள்ல திறந்த நிழல்ல (நேர் வெயில் படாது, வானம் மட்டும் தெரியும்) நின்னா எஃப்/5.6லருந்து எஃப்/4க்குள்ள. சூரியன் நல்லா மேல இருக்கறவரைக்கும்தான் இது, கீழ எறங்கிடுச்சுன்னா மீட்டர எடுங்க. இப்படி வெளிச்சத்த மனப்பாடமா வெச்சிருக்கறது எவ்வளவு தூரம் காப்பாத்தும்ங்கறதுக்கு ஆடம்ஸே சாட்சி, 1941ல நியூ மெக்சிகோவுல ஹெர்னாண்டஸ்ங்கற கிராமத்துக்கு மேல நிலா ஏறறதப் பாத்து வண்டிய நிறுத்தினார், மீட்டர் கைக்குக் கிடைக்கல, கல்லறைச் சிலுவைகள் மேல இருந்த கடைசி வெயில் போயிட்டிருக்கு, நிலாவோட பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில்னு தலையில இருந்ததால அத வெச்சே கணக்குப் போட்டு எடுத்தார். ரெண்டாவது நெகட்டிவ் எடுக்கறதுக்குள்ள வெயில் போயிடுச்சு.

அதே கணக்குல ஒரு சிக்கலும் தெரியும். வெயில்ல ஐஎஸ்ஓ 400 போட்டுக்கிட்டு பின்னணிய மங்கலாக்க எஃப்/2ல எடுக்கணும்னா ஆறு ஸ்டாப் தள்ளிப் போகணும், ஷட்டர் 1/32000 வேணும், நிறையப் பழைய கேமரா 1/1000தோட நின்னுடும். வெளிச்சத்த மட்டும் குறைக்கற என்டி ஃபில்டர் போடணும், இல்ல ஐஎஸ்ஓ 50, 100 ரோலப் போடணும், இல்ல நிழலுக்கு நகரணும். நான் மூணாவதத்தான் சொல்வேன், ஏன்னா நகர்ந்தா எக்ஸ்போஷரோட சேத்து வித்தியாசமும் குறையுது.

வித்தியாசம் எங்கிருந்து வருது? வெளிச்சம் வர்ற மூலம் எவ்வளவு பெருசுங்கறதுலருந்து. சூரியன் பிரம்மாண்டம்தான், ஆனா நம்ம கண்ணுக்கு அது வானத்துல அரை டிகிரிதான், அதனாலதான் நிழல் அவ்வளவு கூர்மையா விழுது. மேகம் வந்து மூடின உடனே மொத்த வானமும் விளக்காயிடுது, எல்லாப் பக்கத்துலருந்தும் வர்றதால நிழலுக்கு ஓரமே இல்ல. உச்சி வெயில்ல ஆள் முகத்த எடுத்தா கண் குழி ரெண்டும் இருட்டாகறது ஏன்னா வெளிச்சம் ஒரு சின்னப் புள்ளியிலருந்து நேரா தலைக்கு மேல வருது. தரையில உங்க நிழல் உங்க உயரத்தவிடக் குட்டையா இருந்தா சூரியன் 45 டிகிரிக்கு மேல இருக்குனு அர்த்தம், அந்த நேரத்துல முகம் எடுக்க வேற இடம் பாக்கறது நல்லது. எந்த இடம்னு தெரியலனா கை முஷ்டிய முன்னாடி நீட்டிக்கிட்டு அப்படியே ஒரு சுத்து சுத்துங்க, விரல் முட்டிகள்ல விழற நிழல் எந்தப் பக்கம் திரும்பும்போது மெதுவாகுதுனு பாருங்க. பாக்கறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பரவாயில்ல.

திறந்த நிழல் நல்லா இருக்குனு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எல்லா நிழலும் நல்ல நிழல் இல்ல. மரத்தடியில நடுவுல நின்னா வெளிச்சம் நாலாப் பக்கமும் சின்னச் சின்னதா சிதறி வரும், நடுநடுவுல வெயில் புள்ளி முகத்துல விழும், நெகட்டிவுக்கே அது தொல்லை. வாசப்படி ஓரம், தாழ்வாரத்தோட விளிம்பு, பாலத்துக்கு அடியில வெளிய பாத்த பக்கம், இந்த மாதிரி இடத்துல மேல கூரை இருக்கு, முன்னாடி வானம் தொறந்து கெடக்கு, அதனால தலைக்கு மேலருந்து வர்றது வெட்டுப்பட்டு முன்னாலருந்து மட்டும் பெருசா மெதுவா வருது. விளிம்புலருந்து ஒரு அடி உள்ள, ரெண்டு அடி உள்ளனு நகர்ந்து பாத்தாலே முகம் மாறறது தெரியும். இதுல கண்ணுக்குத் தெரியாத விஷயம் கலர். நிழல்ல வெயில் இல்ல, நீல வானம் மட்டும்தான் விளக்கு, 7000 கெல்வினத் தாண்டும், டேலைட் ஃபிலிம் அத நீலமாத்தான் எழுதிக்கும். நெகட்டிவ்னா ஸ்கேன்ல சரி பண்ணலாம், ஸ்லைடுன்னா 81ஏ, 81பி மாதிரி ஒரு வார்மிங் ஃபில்டர் லென்ஸ்ல இருக்கணும். பக்கத்துல புல்வெளி இருந்தா தாடைக்குக் கீழ பச்சை ஏறும், செங்கல் சுவர் இருந்தா கன்னத்துல சிவப்பு. மூளை இதையெல்லாம் தள்ளிட்டுப் பாக்கும், ஃபிலிம் மேல பூசின எமல்ஷன் தள்ளாது.

ஜன்னல் வெளிச்சத்துக்கு வருவோம், ஃபிலிமுக்கு இதவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லங்கறது என் அபிப்பிராயம். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அதனால நீங்க பத்து அடி முன்ன பின்ன போனா வெளிச்சம் மாறாது. ஜன்னல் அப்படி இல்ல, தூரம் போகப் போகச் சரசரனு குறையும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒண்ணாகும்னு புத்தகக் கணக்கு, பெரிய ஜன்னல்கிட்ட அது அப்படியே பொருந்தாது, ஜன்னலோட அகலத்தவிடத் தள்ளிப் போனதுக்கு அப்புறம் ஓரளவு பொருந்தும். இதோட பலன் என்னன்னா, ஆள ஜன்னலுக்கு ரொம்பப் பக்கத்துல வெச்சா முகத்துக்கும் பின்னாடி சுவருக்கும் வித்தியாசம் கூடும், சுவர் தானா இருண்டு போகும், அசிங்கமான அலமாரி இருந்தாகூடக் காணாமப் போயிடும். ஆள உள்ள தள்ளிட்டா முகமும் சுவரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துடும், வித்தியாசம் குறையும், ஆனா ஷட்டரும் இறங்கும். ஐஎஸ்ஓ 400ல ஜன்னல் பக்கம் எஃப்/2.8, 1/125 கிடைச்சா அது நல்ல ஜன்னல். முகத்தோட அந்தப் பக்கம் ரொம்ப விழுந்துடுச்சுன்னா ஒரு வெள்ளைத் துணி, தெர்மகோல் அட்டை, எதுவோ ஒண்ணப் பிடிச்சு வெளிச்சத்தத் திருப்புங்க.

இப்படித் திருப்பி விடற வெளிச்சத்தோட சக்தியக் காட்டினவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, 1956ல வந்த சத்யஜித் ரேயோட அபராஜிதோ படத்துக்காக ஒரு முற்றம் வெச்ச வீட்ட ஸ்டுடியோவுக்குள்ள செட் போட்டாங்க, நிஜ முற்றத்துல வானத்துலருந்து மட்டும் வெளிச்சம் வரும், நிழலே விழாது, அத உள்ள எப்படிக் கொண்டு வர்றது? செட்டுக்கு மேல வெள்ளைத் துணிய இழுத்துக் கட்டி விளக்குகள அதுல அடிச்சு திரும்பி வர வெச்சார். துணி வானமாயிடுச்சு. செயற்கை விளக்குதான், ஆனா இயற்கை வெளிச்சம் எப்படி வேலை செய்யுதுனு புரிஞ்சிருந்தாத்தான் அப்படி யோசிக்க முடியும்.

பழைய காலத்து ஸ்டுடியோக்கள் கண்ணாடிக் கூரை போட்டு வடக்குப் பக்கம் ஜன்னல் வெச்சதும் இதே காரணம்தான், நேர் வெயில் உள்ள வராது, நாள் பூரா வானத்து வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும். இது வடக்குக் கோளத்துல, தெற்குக் கோளத்துல தெற்கு ஜன்னல், பூமத்திய ரேகைகிட்ட சூரியன் வருஷத்துல பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் போறதால எந்த ஜன்னலும் வருஷம் பூரா பாதுகாப்பு இல்ல. எடிசனோட பிளாக் மரியா ஸ்டுடியோ 1893ல கட்டினது, அவங்க இன்னும் ஒரு படி போயி கூரையத் தொறக்கற மாதிரி செஞ்சு கட்டடத்தையே தண்டவாளத்துல சுத்த வெச்சு சூரியனத் துரத்தினாங்க.

கோல்டன் ஹவர், அதாவது சூரியன் உதிச்ச உடனேயும் மறையறதுக்கு முன்னாடியும் இருக்கற நேரம், அதப் பத்தி நிறையப் பேர் நிறையச் சொல்லியாச்சு, கலர பத்தித்தான் சொல்றாங்க. சூரியன் கீழ இருக்கும்போது வெளிச்சம் காத்துமண்டலத்துல ரொம்ப தூரம் வர வேண்டியிருக்கு, நீலம் வழியிலேயே சிதறிடுது, மிச்சம் மஞ்சளும் சிவப்பும். எல்லாம் உண்மை. ஆனா ஃபிலிமுக்கு அதவிட முக்கியம், நேர் வெயில் பலவீனமாகுது, வானத்து வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையல, அதனால மத்தியானம் மூணு ஸ்டாப் இருந்த வெயில் நிழல் வித்தியாசம் ஒண்ணு ஒண்ணரைக்கு வந்து நிக்குது. ஸ்லைடு ஃபிலிம்கூட மூச்சு விடற நேரம் அது. "ஹவர்"ங்கறத மட்டும் நம்பாதீங்க, சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, பூமத்திய ரேகைகிட்ட நேர் செங்குத்தா இறங்கறதால கடைசி 6 டிகிரிய 24 நிமிஷத்துல முடிச்சிடும், துருவத்துப் பக்கம் போகப் போக சாய்ஞ்சு இறங்கி மணிக்கணக்கா நீளும். கைய நீட்டி அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவுல எத்தனை விரல்னு எண்ணினா ஒரு விரலுக்கு சுமார் கால் மணி நேரம்.

கறுப்பு வெள்ளைக்காரங்களுக்கு இன்னொரு கைப்பிடி இருக்கு, ஃபிலிமக் கழுவற டெவலப்பிங். மூட்டமான நாள்ல எல்லாம் தட்டையா இருந்தா ரோலப் புஷ் பண்ணலாம், அதாவது டெவலப்பிங்கக் கூட்டலாம், கான்ட்ராஸ்ட், அதாவது அந்த வித்தியாசம், கூடும். சுள்ளுனு வெயில்னா ஓவர் எக்ஸ்போஸ் பண்ணிட்டு டெவலப்பிங்கக் குறைக்கலாம், நிழலும் இருக்கும் ஹைலைட்டும் அடங்கும். புஷ் பண்ணினா நிழல்ல இல்லாத விவரம் திரும்ப வராது, இத மறந்துடறாங்க. எல்லாமே மொத்த ரோலுக்கும் சேத்துத்தான் நடக்கும்ங்கறதால ஒரு ரோல்ல வெயிலும் மூட்டமும் கலக்காம இருந்தா நல்லது. வானம் வெளுத்துப் போகாம இருக்க மஞ்சள் ஃபில்டர் ஒரு ஸ்டாப், சிவப்பு மூணு ஸ்டாப் தின்னும், கணக்குல சேத்துக்கங்க.

சூரியன் போனதுக்கு அப்புறம் ஃபிலிம் வேற ஒரு குணத்தக் காட்டும். ஒரு செகண்டத் தாண்டின எக்ஸ்போஷர்ல ஃபிலிம் சோம்பேறியாயிடும், ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர்னு சொல்றது இதத்தான், மீட்டர் சொன்ன நேரம் பத்தாது. இல்ஃபோர்ட் எச்பி5ங்கற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அந்தக் கம்பெனியே குடுக்கற கணக்கு, மீட்டர் நேரத்தோட 1.31 அடுக்கு (பெருக்கல் இல்ல, பவர்), அதாவது மீட்டர் 10 செகண்டுனா நீங்க 20 வெக்கணும், 30னா கிட்டத்தட்ட ஒன்றரை நிமிஷம். ஃபியூஜி அக்ராஸோ ரெண்டு நிமிஷம் வரைக்கும் எந்தத் திருத்தமும் கேக்காது. நீண்ட எக்ஸ்போஷர்ல வெளிச்சமே இடம் மாறிடும்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும், 1826 இல்ல 27ல பிரான்ஸ்காரர் நீப்ஸ் ஜன்னல்லருந்து எடுத்த, இன்னிக்கு மிஞ்சி இருக்கற ஆகப் பழைய கேமராப் படத்துல கட்டடங்களோட ரெண்டு பக்கமும் வெயில் அடிக்குது, பிளேட் அவ்வளவு மணி நேரம் தொறந்து கெடந்திருக்கு.

கடைசியா ஃபிலிமக் கழுவி ஸ்கேன் பண்ணித் தர்ற லேப். ஸ்கேனர் ஒவ்வொரு ஃப்ரேமையும் தானா சரி பண்ணப் பாக்கும், சாயங்காலத்து மஞ்சளத் தப்புனு நெனச்சு வெளுத்துடும், வேணும்னே இருட்டா எடுத்ததத் தூக்கிடும், அண்டரா எடுத்ததும் சரியா எடுத்ததும் ஸ்கேன்ல கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்து நிக்கும், அதப் பாத்து நீங்க உங்க மீட்டரிங்க எடை போட முடியாது. கலர் திருத்தம் வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, நெகட்டிவத் திருப்பி வாங்கிக்கங்க, ஒரு வெள்ளை ஸ்கிரீன் மேல வெச்சு நிழல் இருக்கற இடத்தப் பாருங்க. அங்க விவரம் வேணும்னு நெனச்சு எடுத்திருந்து, அந்த இடம் ஓரத்து வெறும் ஃபிலிம் மாதிரியே காலியா இருந்தா, அடுத்த ரோல்ல அதே வெளிச்சத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்க.